பத்து நாற்காலிகளும் ஒருத்தியும்

போட்டி முடிந்ததும் சங்கம் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணியைக் கலைத்து, ஆளுக்கொரு பஸ் டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டது. மிச்சம், விளையாட்டுக்கான பத்துச் சக்கர நாற்காலிகளும், தானும் சக்கர நாற்காலியில் இருக்கிற கோச்சக்காவும்தான். அடுத்த போட்டி வந்தால் கூப்பிடுவார்களாம், வாடகைப் பாத்திரத்தைக் கூப்பிடுகிற மாதிரி.

வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது அவள் பார்த்தது வேறு. அங்கே பேட்டைக்குப் பேட்டை கிளப். ஆள் குறைந்தால் நடக்கிறவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவார்கள். ஆட்டம் வருஷம் முழுக்க உயிரோடு இருக்கும். அதை இங்கே நட்டு, தண்ணீர் ஊற்றி, துளிர்க்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் ஆள் சேராவிட்டால் இந்த வியாழக்கிழமை நேரம் பேட்மிண்டனுக்கு என்று அரங்க மேலாளர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் அண்ணனை இழுத்து வந்திருந்தாள்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி பந்தைப் பிடித்தார். பழக்கதோஷம், எழுந்து நின்று கூடையில் போட்டார்.

"ஐயோ, உக்காருண்ணா! எந்திரிச்சா ஃபவுல்!"

"பந்து விழுந்துச்சுல்ல? அதுக்கு ஒரு கைதட்டு கிடையாதா?"

"இந்த ஆட்டத்துல கால் வேலை செஞ்சாலே குத்தம்."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "இது மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கின நேரம் மேடம். இவரு நிக்கிறாரே."

"எனக்கு முட்டி தேஞ்சிருக்கு சார்," என்றார் அண்ணன், நின்றபடியே.

மேலாளர் சிரிக்கவில்லை. "கணக்குக்கு நீங்க ஒருத்தர்தான். பேட்மிண்டன்காரங்க வெளிய காத்திருக்காங்க."

அண்ணன் வாய்க்குள் திட்டிக்கொண்டே வேன் எடுக்கப் போனார். மட்டையோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கோச்சக்கா நாற்காலிகளை ஸ்டோருக்குத் தள்ள ஆரம்பித்தாள். ஒரு கை காலி நாற்காலியில், ஒரு கை தன் சக்கரத்தில். ஒற்றைக் கையால் தள்ளினால் வண்டி நேரே போகுமா? செக்குமாடு மாதிரி நின்ற இடத்தையே சுற்றி வந்தாள். தேசிய அணியின் பயிற்சியாளர் என்று சட்டையில் எழுதியிருந்தது நல்ல பொருத்தம்தான்.

மட்டைக்காரர்களில் ஒருவர் உதவிக்கு வந்தார். குனிந்து தள்ள அலுப்புப் பட்டாரோ என்னவோ, ஒரு நாற்காலியிலேயே உட்கார்ந்து உருட்டிப்போய் சுவரில் மோதினார்.

"அக்கா, பிரேக் எங்க இருக்கு?"

"பிரேக்கே கிடையாதுங்க. கைதான்."

அணி கலைந்த பிறகு ஆட்டத்தைப் பற்றி ஒருவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் எழுந்து வலை கட்டப் போய்விட்டார்.

மீதி நாற்காலிகளை அவள் உள்ளே கொண்டுபோகவில்லை. ஆடுகளத்தின் ஓரமாக, ஆடி அலுத்தவர்கள் உட்காரத் தோதாக, கால் தடுக்குகிற மாதிரி வரிசையாக நிறுத்திவிட்டு, வாசலில் வேனுக்குக் காத்திருந்தாள்.