நடு சீட்டு

அந்த வீட்டில் கார் வாங்கிய அன்றைக்கே அவளுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. பின் சீட்டின் நடு. கீழே தரையில் நீளவாக்கில் ஒரு மேடு ஓடும். அதற்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். ஸ்டீயரிங் வீட்டுக்காரருக்கு, முன் சீட்டு அவருடைய அண்ணனுக்கு, ஒரு ஜன்னல் மாமியாருக்கு, இன்னொன்று குழந்தைக்கு. மாமியார் காலமான பிறகாவது ஜன்னல் கிடைக்கும் என்று பார்த்தாள். அங்கே அண்ணனுடைய பை வந்து உட்கார்ந்தது. பைக்குக்கூடக் காற்று வேண்டியிருந்தது போலிருக்கிறது.

அந்த அண்ணனைக் குடும்பத்தில் எல்லோரும் ஜட்ஜ் என்பார்கள். கோர்ட்டுப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியவரில்லை. எதைக் கேட்டாலும், கேட்காவிட்டாலும், தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர்.

இப்போது மகளுக்கு வேலை கிடைத்திருந்தது, ஒரு பகல் முழுக்க ஓட்டினால்தான் போய்ச் சேர முடிகிற ஊரில். படுக்கை, மிக்ஸி, புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் டிக்கியில் திணித்துக் கொண்டுபோய் விட்டுவர வேண்டும். கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து நின்றார். ஜட்ஜுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுவதைப் பற்றித்தான் தெரியும். எங்கே டிரைவரைப் பிடிப்பது என்று அண்ணனும் தம்பியும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, தான் ஓட்டுவதாக அவள் சொன்னாள்.

லைசென்ஸ் இருந்தது. ரெடிமேட் துணிக் கம்பெனியில் கட்டிங் மேஜைக்காரி அவள். வேலை விட்டு வரும் வழியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டாள். வாங்கிக்கொண்டு வந்தபோது வீட்டுக்காரர் மெச்சத்தான் செய்தார். பத்திரமாக பீரோவில் வை என்றார். பத்திரமாக அங்கேயே இருந்தது. அம்மா ஓட்டாவிட்டால் நான் பஸ்ஸிலேயே போய்விடுகிறேன் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றதால், இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தார்கள்.

ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. பெரிய ரோட்டில் ஏறியதும்தான் சனி பிடித்தது. ஓரக்கோட்டைத் தாண்டினால் டர்ரென்று சத்தம் வரும்படி அந்த ரோட்டின் விளிம்பில் வரிவரியாகக் கீறி வைத்திருந்தார்கள். கார் நேராகத்தான் போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஜட்ஜ் உட்கார்ந்த பக்கத்துச் சக்கரம் டர்ரென்று இரையும். அவர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கடைசிக் காலத்தில் இப்படியா என்கிற மாதிரி பின்னால் திரும்பித் தம்பியைப் பார்ப்பார். தூங்குகிறாயா என்று வீட்டுக்காரர் கேட்டார். தூக்கமா? இமைகூடக் கொட்டாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிறவளுக்கு, இவ்வளவு அகலமான ரோட்டில் ஏன் பிசகுகிறது என்று பிடிபடவில்லை. டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விரலால் ஸ்டீயரிங்கைத் தள்ளிக்கொண்டே இருப்பார். அது எதற்கு என்று அப்போது தெரியவில்லை. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்து காதெல்லாம் சுட்டது.

பாதி வழியில் பெட்ரோல் பங்க் ஒன்றில் டீக்கு நிறுத்தினார்கள். அவள் முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது, அவளுடைய சீட்டில் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஜட்ஜின் ஏற்பாடு. லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்புகிற டிரைவராம், அதே வழியாம், ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாராம். பை ஜட்ஜின் மடிக்கு மாறியிருந்தது. பின் கதவு அவளுக்காகத் திறந்திருந்தது, நடு சீட்டு துடைத்து விட்டாற்போலக் காலியாக இருந்தது. நான் எவ்வளவோ சொன்னேன்மா, யாரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்றாள் மகள்.

இப்போது அதில் ஏறி உட்கார்ந்தால் இனி அதிலிருந்து இறங்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போதும் ஒரு டிரைவர் வருவார். மாவுக்கட்டு பிரித்ததும் வீட்டுக்காரர் வருவார். அன்றைக்கு ஓட்டிக் கிழித்தாயே என்று சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். லைசென்ஸ் பீரோவிலேயே கிடந்து பழுப்பேறும்.

திறந்த கதவு வழியாக அந்த நடு சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே உட்கார்ந்தால் முன் சீட்டுகள் இரண்டுக்கும் இடையில் ரோடு தெரியும். எத்தனை வருஷமாக அந்த இடைவெளி வழியாகவே ரோட்டைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ரோடு என்றால், தான் நடுவில், அது இரண்டு பக்கமும் சமமாக. இன்றைக்கும் அதைத்தான் செய்திருக்கிறாள். உடம்பு ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்டது, கண் மட்டும் இன்னும் பின்னால் மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் இருப்பது காரின் வலது ஓரத்தில். அங்கே உட்கார்ந்து தன்னைப் பாதைக்கு நடுவில் வைத்தால் கார் இடது ஓரத்துக்குத்தானே ஒதுங்கும்? துணியை மடிக்கும்போது நடுவைத் தப்பாக எடுத்தால் சட்டைக்கு ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் குறுகலாகவும்தான் வரும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிக்கிற விஷயமா இது, ஏறம்மா என்றார் ஜட்ஜ். டிரைவர் சாவி கேட்டார். சாவியை வண்டியிலேயே விட்டு இறங்குவது வீட்டுக்காரரின் வழக்கம். அதனால் சாவியைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. அது அவள் கைக்குள் இருந்தது.

"தம்பி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இறங்கிக்குங்க," என்றாள்.

"இந்தா, நாலு பேர் பாக்கிறாங்க. சாவியக் குடு," என்றார் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டுங்க. குடுக்க மாட்டேன்."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு?" என்று ஜட்ஜ் முன் சீட்டிலிருந்தே விசாரணையைத் தொடங்கினார்.

"நான்தான் மாமா பொறுப்பு. என் பொண்ணும் இதுலதான வர்றா? என்ன தப்பு பண்ணேன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே பண்ண மாட்டேன். பயமா இருந்தா எதிர்லயே பஸ் நிக்குது. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

ஜட்ஜ் பஸ்ஸைப் பார்த்தார். அதில் படிக்கட்டு வரைக்கும் கூட்டம். அவர் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தார். இந்த மாதிரி வீடுகளை நிறையப் பார்த்திருப்பார் போல, அந்த டிரைவர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி, சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டேன், சரிசெய்துகொள்ளுங்கள் அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சரிசெய்துகொண்டாள். கண்ணாடியையும் திருப்பினாள். பிறகு வீட்டுக்காரரை நடுவில் உட்காரச் சொன்னாள்.

"நானா?"

"ஆமாங்க. கண்ணாடியப் பாக்கும்போதெல்லாம் நடுவுல ஒரு ஆள் தெரியணும். அங்க இருக்கறது நான் இல்லன்னு அப்பதான் எனக்கு ஞாபகம் இருக்கும்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்குக் கையில் கட்டு இருக்கிறதே, நான் உட்காருகிறேன் என்று மகள் அந்தப் பக்கமாக நகர்ந்தாள்.

"நீ வேணாம்," என்றாள் அவள். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க அங்க உக்காந்தது போதும். நீ ஜன்னலோரமா உக்காரு."

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றார். யாரும் சமாதானம் பேச வரவில்லை. கடைசியில் மாவுக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து நடுவில் உட்கார்ந்தார். ஜட்ஜின் பை ஜன்னலோரம் வந்து சேர்ந்தது.

பெரிய ரோட்டில் ஏறினாள். கண்ணாடியில் நட்டநடுவில் வீட்டுக்காரரின் முகம், உர்ரென்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் தான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. காரைப் பாதையின் நடுவில் வைத்தாள், தன்னை ஓரமாக வைத்தாள். ஓரக்கோடு தொலைவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. டர்ரென்ற சத்தம் வரும், வரும் என்று காத்துக்கொண்டிருந்த ஜட்ஜ், அது வராத ஏமாற்றத்தில் கைப்பிடியை விட்டுவிட்டுத் தூங்கிப்போனார். அவளுக்கு மனசு விட்டுப் பாட வேண்டும் போலிருந்தது. பாடவில்லை, லாரி ஒன்றை முந்தினாள்.

வெகுதூரம் போன பிறகு பின்னாலிருந்து முனகல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, இங்க காலை எங்கதான் வைக்கிறது?"

மகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓட்டிக்கொண்டிருந்தவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்திருந்தன. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார். இந்தக் காரை வாங்கிய மனிதர், வாராவாரம் தன் கையால் கழுவித் துடைத்த மனிதர்.

"மேட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணா வச்சுக்குங்க," என்றாள். "மரத்துப்போச்சுன்னா சொல்லுங்க, நிறுத்துறேன்."

அவர் காலை மாற்றி வைத்தார். அப்புறம் நெடுநேரம் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். மரத்துத்தான் போயிருக்கும். ஆனால் ஊர் வந்து சேரும் வரைக்கும் நிறுத்து என்று அவர் கேட்கவே இல்லை.