போன்ஜூர் சொல்லாத அழைப்பு

கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிதில் அவளுக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது. நாத்தனாருடைய மருந்துக்கடையில் போன் எடுப்பது அவள் வேலை. ஊரே அவளுக்கு 'புது மதாம்' என்று பெயர் வைத்துவிட்டது. கடைக்கு வருகிற யாரும் நேரே மருந்து கேட்க மாட்டார்கள். முதலில் ஒரு 'போன்ஜூர்'. அப்புறம்தான் தலைவலியோ வயிற்றுவலியோ வெளியே வரும். ஆண்களெல்லாம் முசே, பெண்களெல்லாம் மதாம், கிளம்பும்போது நன்றிக்கு ஒரு மெர்சி. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவன் வணக்கத்தை மட்டும் இந்த ஊர் திருப்பிக் கொடுக்கவேயில்லை. அந்தச் சொல்லையும் கடைசி எழுத்தில் ஓர் இழுப்பு இழுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

கேலி செய்தால் நாத்தனார் விடுவாளா? "உங்க வீட்டுல துணி வைக்கிறதை பீரோன்னுதானே சொல்றீங்க? அதுவும் பிரெஞ்சுதான், உங்க தாத்தா கண்டுபிடிச்ச வார்த்தையா?" என்று மடக்கிவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், கேட்கக் கேட்க அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துத்தான் போயிற்று. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறவள்கூட, எதிரே நிற்பதும் ஒரு மனுஷி என்று நினைத்து வணக்கம் சொல்கிறாளே, என்ன ஊரடா இது என்று அசந்துபோவாள். ஆனால் தன் வாயில் அந்தச் சொல் வரவில்லை. கூச்சம். சிரித்துத் தலையாட்டுவதோடு சரி.

இந்த விஷயத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிறவர் பேண்டு மாஸ்டர். ஓய்வுபெற்று, பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார், சர்க்கரை வியாதி. போன் செய்தால் போன்ஜூர், சௌக்கியம், மழை, வெயில் எல்லாம் முடிந்துதான் மாத்திரைக்கு வருவார். கடையில் கூட்டம் நெருக்கியடித்த ஒரு நாள், "ஐயா, நேரா விஷயத்துக்கு வாங்களேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் மாத்திரையின் பெயரைச் சொன்னார், மெர்சி சொன்னார், வைத்துவிட்டார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தடவை அவர் கூப்பிட்டது ஒரு மத்தியானம். நாத்தனார் சாப்பிடப் போயிருந்தாள். கடையில் ஈ, காக்கை இல்லை.

"மாத்திரை... அனுப்பு."

அவ்வளவுதான். போன்ஜூர் இல்லை, மதாம் இல்லை, மெர்சியும் இல்லை. நாம் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு கோபத்தில் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மனம் நொந்துபோன அன்றைக்கும் மெர்சி சொல்லாமல் வைக்காத மனுஷனாயிற்றே! திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். எதிர்க்கடைத் தையல்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. போன் மேஜைக்கடியில் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார் பேண்டு மாஸ்டர். கண் திறந்திருந்தது, ஆனால் அவளை அடையாளம் தெரியவில்லை. சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, தலையைத் தாங்கிக்கொண்டு, வாய் வாயாகக் குடிக்கவைத்தாள். அவள் போட்ட சத்தத்தில் இறங்கி வந்த மேல் மாடிக்காரர் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நாத்தனார் கேட்டாள்.

"அவர் போன்ஜூர் சொல்லலை அண்ணி."

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சில நாள் கழித்துக் கடையில் ஏகக் கூட்டம். போன் அடித்தது.

"போன்ஜூர், மதாம்." அதே இழுப்பு. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும், "போன்ஜூர், மதாம்."

"ரெண்டாவது எதுக்குங்க ஐயா?"

"அன்னைக்குச் சொல்லாம விட்டுட்டேனே, அதுக்கு."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தால் பார்க்கட்டும்.

"போன்ஜூர், முசே" என்றாள், அவர்களைப் போலவே கடைசியில் இழுத்து. அப்புறம், உங்கள் தெருவில் மழை உண்டா என்று அவளே கேட்டாள்.