தொழுகை நேரத்துத் துவக்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் நிஜம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

அந்த வாக்கியத்தை மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒட்டுக்கேட்டேன். அடுத்த மேசையில் ஒரு லொறி டிரைவர், நெற்றியில் திருநீறு, தன் முதலாளியைப் பற்றி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அவரு தொழுவுற நேரம் துவக்கு ஏங் கையிலதான் இருக்கும்."

பெருமையாகச் சொன்னாரா, நொந்துபோய்ச் சொன்னாரா? அதுதான் பிடிபடவில்லை. நான் திரும்பி முகத்தைப் பார்ப்பதற்குள் எழுந்து போய்விட்டார். மனுசன் இன்னும் ஒரு வாய் தேத்தண்ணி குடித்திருந்தால் இந்தப் பாடு எனக்கு வந்திருக்காது. பின்னேரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் அதே வாக்கியம் காதுக்குள் ஓடியது.

துவக்கு என்றால் நமக்குச் சுடுகிற கருவி. கடலுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி என்பார்கள். ஆனால் 'துவக்கு' என்பதற்கு 'ஆரம்பி' என்றும் பொருள் இருக்கிறதே! எழுத உட்கார்ந்து தாளின் தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டேன். அது என்னையே அதட்டுகிறது: துவக்கு!

சரி ஐயா, துவக்குகிறேன். எங்கே துவக்குவது?

2

முதல் முயற்சி: "ரிவர்ஸ்டன் மலையில் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த—"

(போதும். எந்தக் கதையைத் தூக்கினாலும் பனி. அது பாட்டுக்கு இறங்கட்டும்.)

இரண்டாம் முயற்சி: "கைத்துவக்கு என்பது மனிதன் தன் அச்சத்துக்குப் போட்டுக்கொள்ளும்—"

(எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

மூன்றாம் முயற்சி, இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

ஏலக்காய் வியாபாரி ஸக்கரியா குசினி வாசலில் நின்று, கைத்துவக்குக்கு லைசன் கிடைத்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னார். அப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்த ஸுபைதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இஞ்ச பாருங்க, கல்யாணம் முடிச்ச நாள்லேந்து நான் அப்பம் சுடுறேன். இன்னமும் கையச் சுட்டுக்கிறேன். நீங்க இந்த வயசுல என்னத்தச் சுடப்போறீங்க?"

"வெளையாடாத ஸுபைதா. என்ட தோள நீ பாத்ததானே?"

பார்த்தவள்தான். எண்ணெய் காய்ச்சிப் பூசியவளும் அவள்தான். அடுத்த அப்பத்துக்கு மாவை ஊற்றினாள்.

3

தோளுக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். ஸக்கரியா கிழமைக்குச் சில நாள் தன் லொறியில் ரத்தோட்டைக்கு மேலே போய், தோட்டக்காரர்களிடம் ஏலக்காய் வாங்கிக்கொண்டு இறங்குவார். லொறியை ஓட்டுகிறவர் அழகையா. ஒரு நாள் வளைவில் பாதைக்குக் குறுக்கே மரக்கிளை கிடந்தது. அழகையா லொறியை நிறுத்தினார். காட்டுக்குள்ளிருந்து சிலர் வந்தார்கள். அழகையா இரண்டு கையையும் தூக்கினார். ஸக்கரியா தூக்கவில்லை, மூடையைப் பிடித்தார். பொல்லால் அடித்த அடியில் தோள் கிழிந்து எலும்பும் முறிந்தது. மூடைகளோடு அவர்கள் போனதும், அழகையா முதலாளியை இரண்டு கையாலும் அள்ளி ஏற்றி, ஹோர்னிலிருந்து கையெடுக்காமல் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

(ஓர் இடைச்செருகல். முதல் பிரதியில் ஸக்கரியாவுக்கு 'அவர்' என்றும் அழகையாவுக்கு 'அவன்' என்றும் எழுதியிருந்தேன். கை தன்னால் எழுதியது. ஒருவர் முதலாளி, ஒருவர் டிரைவர் என்றால் தமிழ் இலக்கணமும் சேர்ந்து சம்பளம் குறைத்துவிடுமோ? அடித்துத் திருத்தினேன். இந்தக் கதையில் இருவரும் 'அவர்'.)

லைசன் வந்ததும், பொலிஸில் இருந்து ஓய்வுபெற்ற பலீல் சார்ஜனைக் கூட்டிக்கொண்டு ஸக்கரியா கண்டிக்குப் போனார். கடைக்காரர் தட்டையான பிஸ்டல் ஒன்றை எடுத்துவைத்தார். சாரத்துக்கு மேலே கட்டுகிற அகலத் தோல் வாருக்குள் அது அழகாக அடங்கியது. ஸக்கரியாவுக்கு அதில் கண். சார்ஜன் வேண்டாமென்று தலையாட்டினார். அவருக்கு ஸக்கரியா 'நானா', அதாவது அண்ணன்.

"அது வேணாம் நானா. நுணுக்கம் கூட. தோட்டா எறுகிச்சின்னா நீங்க அத நோண்டிக்கிட்டு ஈக்கிற நேரம் அவன் வந்து கழுத்தப் புடிச்சிருவான். ரிவோல்வர் எடுங்க. ஒன்னு வெடிக்காட்டி திரும்ப இழுங்க, அடுத்தது வரும்."

நீளக்குழல் ரிவோல்வர் உட்கார்ந்தால் தொடையில் குத்தியது. கட்டைக்குழல் குத்தவில்லை. அதையே வாங்கினார்கள்.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்லுடைக்கும் இடம். வரிசையாகச் சிரட்டைகள். முதல் நாள் சார்ஜன் தோட்டாவையே கண்ணில் காட்டவில்லை. எடுப்பதும் வைப்பதும், எடுப்பதும் வைப்பதும்தான். ஸக்கரியா போட்டிருந்த கோட்டின் கடைசிப் பொத்தான் ஒவ்வொரு தரமும் கையைத் தடுத்தது. ஸுபைதா அதை வெட்டிவிட்டாள்.

"வெரல் வெளியில நானா! சுடத்தான் போறேன்னு முடிவெடுக்கிற வரைக்கும் வெரல் வெளியில. எதிர்ல ஈக்கிறவன மட்டும் பாக்காதீங்க, அவனுக்குப் பின்னால யாருன்னும் பாருங்க. வெறுந்துவக்குன்னு ஒன்னு ஒலகத்துல இல்ல. கையில எடுத்தா அது நெறஞ்ச துவக்குதான்."

முதல் தோட்டாக்கள் எந்தச் சிரட்டையையும் தொந்தரவு செய்யாமல் போய்ச்சேர்ந்தன. தோள் வலித்தது. ஆனால் மனுசன் விடவில்லை. அந்த மாதக் கடைசியில் சிரட்டை உடையத் தொடங்கியது. அன்றைக்குச் சார்ஜன் கடைசிப் பாடத்தைச் சொன்னார்.

"இடுப்புல ஈக்கிற வரைக்கும்தான் அது ஒங்கட. இன்னொருத்தன் கைக்குப் போனா அவன்ட. யாருக்கும் குடுக்க வேணாம்."

4

இங்கேதான் என் பேனா நின்றது. ஒரு கிழமை, ஏழு நாளும் நின்றது.

துவக்கோடு மலைக்குப் போகும் முதல் நாள். ளுஹர் என்கிற நடுப்பகல் தொழுகை நேரம். மலைத்தண்ணீர் கொட்டுகிற, வழக்கமாக நிறுத்துகிற பீலியடியில் ஸக்கரியா கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டுப் பாயை விரித்தார். அந்த இடத்தில் கிப்லா, முகம் திருப்பித் தொழ வேண்டிய திசை, பள்ளத்தாக்குப் பக்கம். அதாவது முதுகு பாதைப் பக்கம், கள்ளன் வருகிற பக்கம். குனிந்தார், ஒன்றுமில்லை. நெற்றியைத் தரையில் வைக்க ஸுஜூதுக்குப் போனார். துவக்கின் பிடி வயிற்றில் குத்தியது, வார் நெகிழ்ந்தது, துவக்கு பாயில் விழுந்து குழல் அவருடைய நெஞ்சைப் பார்த்தது.

அழகையா ஓடிவந்தார். "ஐயோ மொதலாளி! ஒண்ணும் ஆகலீங்களே?"

ஆகவில்லை. தொழுகைதான் முறிந்தது. அப்புறம் இரண்டு பேரும் அந்தச் சாமானை எங்கே வைப்பதென்று ஆராய்ந்தார்கள். லொறிச் சீட்டில் வைத்தால் பாதையில் போகிறவன் எடுத்துக்கொள்வான்.

"பாய்க்கு முன்னுக்கு வச்சுக்கிட்டா என்னங்க? கண்ணுக்கு நேரா இருக்குமே."

"தலைய வைக்கிற எடத்துல துவக்க வச்சா, நான் யாருக்கு ஸுஜூது செய்றது அழகையா?"

அழகையா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"குடுங்க மொதலாளி. நா வச்சுக்கிறேன்."

ஸக்கரியா கொடுத்தார். சார்ஜன் சொன்ன கடைசிப் பாடம் முதல் நாளே போயிற்று.*

* எங்கள் பள்ளிவாசல் லெப்பையிடம் இதைக் கேட்டேன், கதைக்கு என்று சொல்லாமல். "அச்சமான நேரத்துல ஆயுதத்தோட தொழ எடமிருக்குது. பாதிப் பேர் தொழ, பாதிப் பேர் காவல் நிக்கலாம்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "அதெல்லாம் படை நிக்கிற நேரம் வாத்தியார். ஒங்களுக்கு யாரோட சண்டை?" என்றார். ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

5

பிறகு தினமும் அப்படியே நடந்தது. முதலாளி தொழுவார், அழகையா பாதையைப் பார்த்தபடி, விரலை வெளியே வைத்து, துவக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்படியே முடித்திருந்தால் இது ஒரு நல்ல கதை. சமய ஒற்றுமை மலரில் போடுவார்கள்.

ஆனால் பலீல் சார்ஜன் ஒரு நாள் கடைக்கு வந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "அண்டைக்கு டைவருக்கு ஒரு கீறலும் இல்லையாமே?"

அவ்வளவுதான். அவர் பொலிஸ்காரர், கேட்பது பழக்கம். ஒரு வாக்கியம் ஒரு மனுசனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கதை வந்தது, ஸக்கரியாவுக்குத் தூக்கம் போனது. லொறியை நிறுத்தியது யார்? கையைத் தூக்கியது யார்? அள்ளி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தானே என்பது மட்டும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. ஸக்கரியாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஆனால் அவருடைய தோளில் விழுந்த அடி என் தோளில் விழவில்லையே.

மறுநாள் பீலியடியில் ஸக்கரியா லொறிக்குப் பின்னால் போய்த் தோட்டாக்களைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். துவக்கை நீட்டினார். அழகையா வாங்கினார். உள்ளங்கை அறிந்துவிட்டது. ஆனாலும் வழக்கம்போலப் பாதையைப் பார்த்து நின்றார், விரலை வெளியே வைத்து.

ஸக்கரியா ஸுஜூதுக்குக் குனிந்தார். கோட்டுப் பைக்குள் தோட்டாக்கள் கிலுங்கின. அடுத்த ஸுஜூதிலும் கிலுங்கின. அந்தத் தொழுகை முழுவதும் கிலுங்கின.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழும்பியபோது அழகையா துவக்கை நீட்டினார்.

"லேசா இருந்திச்சுங்க, மொதலாளி."

"அது… ஒரு பாதுகாப்புக்கு, அழகையா."

"யாருக்குங்க?"

ஸக்கரியா பாயை மடித்தார். மடித்த பாயைப் பிரித்துத் திரும்ப மடித்தார். ஊர் வரைக்கும் லொறி மட்டும்தான் சத்தம் போட்டது.

6

ஸக்கரியாவுக்கு இப்போது கள்ளன் பயம் போய்விட்டது. அழகையா நாளைக்கு வராமல் விட்டுவிடுவாரோ என்ற பயம் வந்துவிட்டது. நடந்ததை ஸுபைதாவிடம் சொன்னார். அவள் அப்பச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியில அந்த மனுசன்ட சட்டையில ஒங்கட ரெத்தம் காயாம ஈந்திச்சு. நான் கண்ணால கண்டேன். வெக்கமில்லயா ஒங்களுக்கு?"

இதை எப்படி முடிப்பது? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மறுநாள் கள்ளர்கள் வருகிறார்கள், அழகையா சுட்டு முதலாளியைக் காப்பாற்றுகிறார். கண்ணீர், தழுவல். (சீச்சீ. யாரையாவது சுட்டுக்காட்டினால்தான் அழகையா நல்லவரா?)

இரண்டு: அழகையா துவக்கோடும் லொறியோடும் போய்விடுகிறார். (பலீல் சார்ஜன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது.)

மூன்று: ஸக்கரியா துவக்கை ஆற்றில் எறிந்துவிட்டு— (லைசன் உள்ள சாமான். பொலிசுக்கு யார் பதில் சொல்வது?)

மூன்றையும் கிழித்தேன். நான்காவதை எழுதினேன். அதுவும் முடியவில்லை. முடியாததை அப்படியே தருகிறேன்.

7

அழகையா மறுநாள் வந்தார். லொறியை எடுத்தார், மலையேற்றினார். பீலியடியில் தானாகவே நிறுத்தினார்.

ஸக்கரியா லொறிக்குப் பின்னால் போனார், வந்தார். ஒளுச் செய்தார். கையில் ஈரம் சொட்டச் சொட்டத் துவக்கை நீட்டினார். அழகையா கையை நீட்டவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாம் உள்ளுக்கு ஈக்குது. தொறந்து பாரு, எண்ணிப் பாரு."

"எண்ண மாட்டேங்க."

"ஏன்டா?"

"எண்ணிப் பாத்தா நானும் ஒங்களாட்டம் ஆயிருவேன், மொதலாளி."

ஸக்கரியாவின் கண் கலங்கியது. நீட்டிய கையை மடக்கவில்லை. அழகையா துண்டில் கையைத் துடைத்தார். துவக்கை வாங்கினார். ஸக்கரியா திரும்பி நின்று தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

இப்போது அவர் ஸுஜூதில் இருக்கிறார்.

'எல்லாம் உள்ளுக்கு ஈக்குது' என்று சொன்னது ஸக்கரியா. நான் சொல்லவில்லை. மேலே போய்ப் பாருங்கள்; லொறிக்குப் பின்னால் அவர் என்ன செய்தார் என்று நான் எழுதவே இல்லை. பை கிலுங்கியதா? அதையும் எழுதவில்லை. அழகையாவின் உள்ளங்கைக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். தேத்தண்ணிக் கடையில் அந்த ஒரு வாக்கியத்தை டிரைவர் எந்தக் குரலில் சொன்னார் என்பது இதில்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசகரே, நான் எழும்புகிறேன். கையைத் துடைத்துக்கொண்டு நீட்டுங்கள். விரல் வெளியே இருக்கட்டும். அவருடைய முதுகு உங்களுக்கு முன்னால், பாதை உங்களுக்குப் பின்னால். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பது உங்கள் விருப்பம். எண்ணிப் பார்க்க வேண்டாம். கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கனமாக இருக்கிறதா?