கோர்வைத் தறியில் ஒரு நாவல்

சங்கரி நாவல் எழுதுகிறாள் என்பது பிள்ளையார்பாளையத்தில் சிலருக்குத் தெரியும். எப்போது எழுதுகிறாள் என்று கேட்டால் அவர்களுக்கும் பதில் தெரியாது.

விடியும் முன்பே எழுந்து கோலம் போட்டுவிட்டு, ஐந்தரைக்கு நடக்கக் கிளம்புவாள். இரண்டு வருடங்களுக்கு முன் சர்க்கரை நோய் வந்தபோது, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ராஜ வீதி ஒன்றில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஷஹர்பானு அவளோடு சேர்ந்துகொள்வாள். காமாட்சி அம்மன் கோயில் வந்ததும் சங்கரி நின்று கைகூப்புவாள். அவள் கண் திறக்கும் வரை ஷஹர்பானு அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் காத்திருப்பாள். அப்புறம் வீடு, சமையல், துணி. ஒன்பது மணிக்கெல்லாம் தறியில் உட்கார்ந்தாக வேண்டும்.

கோர்வைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். புடவையின் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். சங்கரியின் கணவர் மாணிக்கவேல் தறிக்குழியில் கால் வைத்து உடலை நெய்வார். சங்கரி பக்கவாட்டில் உட்கார்ந்து கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுவாள். கைக்குத்தான் அங்கே வேலை. வாய் சும்மாதான் இருந்தது. அந்த வாய்க்குத்தான் அவள் ஒரு வேலை கண்டுபிடித்தாள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் வசதியைப் போனில் திறந்து மடியில் வைத்துக்கொள்வாள். ரயில்வே கேட் கீப்பர் ஒருவனையும் அவன் மனைவி செண்பகத்தையும் பற்றிய நாவல் அப்படித்தான் வளர்ந்தது.

போன் திறந்திருக்கும்போது மாணிக்கவேல் பேசக் கூடாது, ஏதாவது வேண்டுமென்றால் தறிப் பலகையை இரண்டு தட்டுத் தட்டினால் போதும் என்று ஒப்பந்தம். ஆனால் தறி வேகம் குறைந்தது. வைகாசிக் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை பாதியில் நின்றது.

"உன் கேட் கீப்பரு கேட்டைத் தொறக்கறதுக்குள்ள கல்யாணப் பொண்ணு பழைய பொடவையில மணையில ஒக்காந்துடுவா" என்பார் அவர்.

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். சென்னைப் பதிப்பகம் ஒன்று புதியவர்களுக்கு நாவல் போட்டி அறிவித்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. "இந்த வெள்ளியோட சரி. அப்பறம் தறிகிட்ட போனக் கொண்டுக்கினு வர மாட்டேன்" என்று அவளே வாக்குக் கொடுத்துவிட்டாள். அன்றைக்குள் அனுப்பாவிட்டால், இரண்டு வருட உழைப்பு அந்தப் போனுக்குள்ளேயே முடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஷஹர்பானுவின் கணவர் ஷபியுல்லா தொழுகைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் கடையைச் சாத்துவதுதான் வழக்கம். ஷஹர்பானு சங்கரிக்காகப் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருந்தாள். கடைசி மூன்று அத்தியாயங்களைக் கணினியில் ஏற்றியவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"சங்கரி, இது இன்னாம்மா? நீயே படி."

சங்கரி படித்தாள். "செண்பகம் கதவைத் திறந்தாள் வெளியே மழை இழை அறுந்துடுச்சு பாரு சரிகைய இழுக்காத கேட் கீப்பர் விளக்கைத் தூக்கிப் பிடித்தான் மோர் குடிச்சியா."

கடந்த பத்து நாள் அவசரத்தில் போனை மூட மறந்திருக்கிறாள். தறியில் பேசியதெல்லாம் நாவலுக்குள் புகுந்துவிட்டது. அறுபது பக்கம். மணி ஒன்றரை.

"போச்சு பானு. விட்டுடு. எனக்கு இதெல்லாம் கொடுத்து வைக்கல."

"வாய மூடு. அறுபது பக்கத்தையும் பிரிண்ட் போடறேன். அடிக்க வேண்டியத அடிச்சுக் குடு, நான் திருத்திக்கினே வரேன்."

அப்போதுதான் மாணிக்கவேல் குனிந்து உள்ளே வந்தார். கையில் தூக்குச் சட்டி. "பத்து நிமிசம்னு சொல்லிட்டு வந்தவ. மாத்திரையும் போடல, சாப்பிடவும் இல்ல. இந்தா, கம்பங்கூழு."

மேசையில் கிடந்த தாள் ஒன்றை எடுத்தவர் திகைத்தார். "இன்னா இது, நான் பேசினதெல்லாம் அச்சுல வந்துக்கினு இருக்குது?"

"ஒப்பந்தத்த மீறிப் பேசினது நீங்கதாண்ணா" என்றாள் ஷஹர்பானு. "உங்க பேச்ச நீங்களே அடிங்க." இருபது பக்கமும் ஒரு சிவப்புப் பென்சிலும் அவர் கைக்கு வந்தன.

எட்டாவது வரை படித்தவர். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்து, இழை அறுந்ததையும் நாடா சிக்கியதையும் அடித்துக்கொண்டே போனார். ஒரு பக்கத்தில் பென்சில் நின்றது.

"'மாத்திர போட்டியா, மொகம் ஏன் வாடிக்கினு இருக்குது.' இதுவும் நான் சொன்னது. அடிச்சிடறேன்."

"ஐயோ, அடிக்காதீங்க! அது கேட் கீப்பரு செண்பகத்துகிட்ட சொல்றது."

"நான் சொல்றது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஷஹர்பானு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சங்கரி தூக்குச் சட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவர் மெதுவாகப் படித்தார், கதையையும் சேர்த்து.

தொழுகை முடிந்து வந்த ஷபியுல்லா மேசையைப் பார்த்தார். வாசலுக்கு வந்த ஜெராக்ஸ்காரர்களை அரை மணி கழித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

நாலரைக்குக் கடைசி அத்தியாயம் சங்கரியின் கையில் இருந்தது. அதில் அவள் கேட்டிராத பேச்சு ஒன்று இருந்தது. அடுப்பைப் பார்க்க எழுந்து போனபோது போனைத் தறியருகிலேயே விட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் பக்கத்துத் தறிக்காரர் பாண்டியன் வந்திருக்கிறார்; அவளை அண்ணி என்பவர் அவர்தான்.

"இன்னாண்ணா உன் தறி நிக்குதாமே அண்ணி கதை எழுதறாங்கன்னு நிக்கலப்பா மெதுவா போவுது அவ்ளோதான் காலையில நடக்கறா சமைக்கறா நெய்யறா நடுவுல இதையும் செய்யறா நம்மால முடியுமா அவ முடிக்கட்டும்."

சங்கரி அந்த வரிகளை மறுபடி படித்தாள். இத்தனை நாளும் தன்னைக் குத்திய கேலிக்குப் பின்னால், தெருக்காரர்களிடம் மாணிக்கவேல் தனக்காகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நமக்குச் செய்யப்படும் நன்மைகளில் பாதி நாம் எழுந்து போன பிறகுதான் நடக்கிறது போலும். ஆண்டவன் அதை எப்போதாவது இப்படித் திறந்து காட்டுகிறான்.

"அடிச்சாச்சா?" என்று ஷஹர்பானு அவசரப்படுத்தினாள்.

சங்கரி பென்சிலால் அந்த வரிகளை நீளமாக ஒரு கோடிட்டு அடித்தாள். நாவலுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஷஹர்பானு திருத்தி முடித்ததும் தாளை மட்டும் மடித்துப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு நாவல் சென்னைக்குப் போனது. வந்து சேர்ந்தது என்று பதிலும் உடனே வந்தது. ஷஹர்பானு நாற்காலியில் சாய்ந்து, "யா அல்லா, மூத்திரத்தக்கூட அடக்கிக்கினு ஒக்காந்திருந்தேன்" என்று உள்ளே ஓடினாள்.

சங்கரியும் மாணிக்கவேலும் வீட்டுக்கு நடந்தார்கள். தெரு முனையில் சங்கரி சொன்னாள். "வாக்குக் குடுத்தா மாதிரி இனிமே தறிகிட்ட போன் வராதுங்க."

"அடுத்தது எழுதறதுக்கு இன்னா பண்ணுவ?"

அவள் நின்றுவிட்டாள்.

"கொண்டுக்கினு வா. நான்தான் வாய வெச்சிக்கினு சும்மா இருக்கணும்" என்றவர், இரண்டடி நடந்து திரும்பினார். "இப்ப அது ஆஃப்ல தான இருக்குது?"

"ஆமாங்க."

"நல்லா பாத்துக்கோ."

அவள் எடுத்துக் காட்டினாள். திரை கறுப்பாக இருந்தது.

"அந்தக் கேட் கீப்பரு கதை," என்றார் மாணிக்கவேல், எதிரில் வந்த சைக்கிளைப் பார்த்தபடி, "நல்லாத்தான் எழுதியிருக்க."