வலது மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது

கோடை முடியும் நாட்களில், மழை விட்ட மறுநாள், மிசியோனெஸ் மாகாணத்துக் காட்டோரத்து ஓடைச் சேற்றில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வந்து இறங்கும். அலினா சாவ்சுக் காலையில் கேமராவோடு அங்கே போய்விடுவாள். கணவர் இறந்த பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம். எடுத்த படங்களை ரொசாரியோவில் இருக்கும் மகளுக்கு அனுப்புவாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும்.

அன்று எண்பத்தெட்டு வந்தது. சிறகின் அடியில் யாரோ 88 என்று மையால் எழுதியது போலிருக்கும் சின்னப் பூச்சி. நேராக அவளுடைய வலது மணிக்கட்டில் உட்கார்ந்து வியர்வையை உறிஞ்சத் தொடங்கியது. லேசாகக் கூசியது. அவளைத் தொட ஆளில்லாமல் வெகுநாள் ஆகியிருந்தது. கையை அசைக்க மனம் வரவில்லை. கேமராவின் பொத்தானோ வலப்பக்கம்; இடக்கைக்கு எட்டவில்லை.

பக்கத்துத் தோட்டத்து டோன் இரெனேயோ, தெரெரே என்ற குளிர்ந்த இலைப்பானத்தின் குடுவையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தார்.

"என்னம்மா அலினா, கைய நீட்டிக்கிட்டே நிக்கிறீங்க? யாராவது முத்தம் குடுக்க வராங்களா?"

"மெதுவா வாங்க. இத ஒரு படம் எடுத்துக் குடுங்க."

"எனக்கு அதெல்லாம் வராதும்மா."

"பொத்தான அமுக்குனா போதும்."

அவர் அவள் கழுத்திலிருந்து கேமரா வாரைப் பதமாகக் கழற்றி, இரண்டடி பின்னால் போய் அமுக்கினார். பூச்சி பறந்துவிட்டது. அவர் போகவில்லை. உட்கார்ந்து தெரெரே இலைமேல் குளிர்ந்த நீர் ஊற்றி நீட்டினார். மாறி மாறிக் குடித்தார்கள்.

"சனிக்கிழம பொசாதாஸ் போறேன். மகன் வீட்டோட. நிலத்த வித்தாச்சு."

"அப்பப்ப வருவீங்கல்ல?"

"இங்க வந்து யாரப் பாக்க?" என்றவர், சொன்னது உறைத்ததும் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் படத்தைப் பார்த்தாள். பூச்சி வெறும் கறையாக இருந்தது. அவள்தான் முழுசாகப் பதிவாகியிருந்தாள், வாய் லேசாகத் திறந்து, சிரித்தபடி. அப்படிச் சிரித்ததே அவளுக்குத் தெரியாது. மகளுக்கு அனுப்பினாள். இந்த முறை மகள் போனில் கூப்பிட்டாள்.

"யாரும்மா எடுத்தது?"

"பக்கத்துத் தோட்டத்துக்காரர்."

"அப்பாடா. பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கே. நான்தான் தேவையில்லாம கவலப்பட்டுட்டேன்."

"ஆமா," என்றாள் அலினா.

சனிக்கிழமை அவள் ஓடைக்கரையில் இருந்தபோது சாமான் லாரி சாலையில் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கையைத் தூக்கினாள். சேற்றிலிருந்த பூச்சிகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. அவை மறுபடி வந்து அமரும்வரை அசையாமல் நின்றாள்.