வேல்ராஜ் குப்புறப் படுத்தது

வேல்ராஜுக்கு வலது கட்டைவிரல் மடங்கவில்லை. தோள்பட்டையில் பிடித்த வலி முழங்கை வரை இறங்கியிருந்தது. குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் குமரகுரு அண்ணாச்சியின் எண்ணெய் மசாஜ் கடையில், சீசன் தொடங்கி இருபத்துமூன்று நாளாக ஊரார் முதுகைத் தேய்க்கிறான். தான் ஒரு நாளும் அருவியில் நின்றதில்லை. சீசனில் லீவு கேட்டவனுக்கு அங்கே வேலை கிடையாது.

ஞாயிறு மத்தியானம், வாசலில் ஆறு பேர் காத்திருக்கும்போது, அவன் பனியனைக் கழற்றிப்போட்டுப் பெஞ்சில் குப்புறப் படுத்தான்.

"ஏலே பரமசிவா, எண்ணெய எடு. எனக்குத் தேயி."

கூட வேலை பார்க்கும் பரமசிவன் சிரித்துவிட்டான். "கிறுக்கு புடிச்சிட்டாலே? அண்ணாச்சி பாக்காரு."

"பாக்கட்டும்."

பரமசிவன் கையில் எண்ணெயை ஊற்றியதுமே அண்ணாச்சி ஓடி வந்தார். "என்னலே, மாமனார் வீட்டு விருந்துக்கா வந்திருக்க? எந்திரி! ஆளு காத்து நிக்குது!"

"நானும் ஆளுதான் அண்ணாச்சி. இருபத்துமூணு நாளா காத்து நிக்கேன்."

"இப்பம் எந்திரிக்கலன்னா நாளைக்கு வராண்டாம்."

"நாளைக்கு எப்படியும் வரமாட்டேன். தூங்கப் போறேன். நாளக்கழிச்சு வருதேன். வேணும்னா வச்சுக்கிடுங்க."

அண்ணாச்சி பரமசிவன் பக்கம் திரும்பினார். "நீயும் அவங்கூடப் போறியாலே?"

பரமசிவன் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டான். அவர் கத்தக் கத்த, பிடரியிலிருந்து குதிகால் வரை ஓரிடம் விடாமல் தேய்த்தான். முடிவில் எல்லோருக்கும் தட்டுவதுபோல் இரு கையாலும் முதுகில் படபடவென்று தட்டிவிட்டுத்தான் கையை எடுத்தான்.

வேல்ராஜ் எழுந்து அருவிக்கு நடந்தான். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று திரும்பிக் கேட்கவில்லை. பரமசிவனுக்கு மட்டும் ஒரு முழுத் தேய்ப்பு கடன்பட்டிருக்கிறான்.