திறப்பு விழாவுக்கு வந்த சிங்கம்

பக்கத்து ஊர் உயிரியல் பூங்காவுக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் புலி கொண்டுவந்ததிலிருந்து நகராட்சித் தலைவர் பொங்கியண்ணனுக்குத் தூக்கமில்லை. சென்னைக்கும் டெல்லிக்கும் அலைந்து, தன் ஊர்ப் பூங்காவுக்கு வடக்கேயிருந்து ஓர் ஆண் சிங்கத்தை வாங்கிவிட்டார். அது வந்து இறங்கிய வாரமே சிங்கக்கூண்டுத் திறப்பு விழா. பனியன் கம்பெனிகள் விடுமுறை விட்டு, மார்பில் சிங்கம் அச்சடித்த டீ-சர்ட்டுகளை ஆளுக்கொன்று கொடுத்திருந்தன. மேடையில் மந்திரி உட்கார்ந்திருந்தார்.

உள்கூண்டில் சிங்கம் எழவில்லை. கால்நடை மருத்துவர் கவிப்பிரியா கம்பிக்கு வெளியே மண்டியிட்டு, அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு நிமிசம் வெளிய வந்து நின்னாப் போதுமுங்க, டாக்டரம்மா” என்றார் பொங்கியண்ணன்.

“லாரியில வந்ததுல காய்ச்சலுங்க. இந்த வெயில்லயும் வெடிச் சத்தத்துலயும் செத்துப்போயிருமுங்க.”

அவர் காவலாளி இசக்கிமுத்துவிடம் திரும்பினார். “பைப்பை எடுத்து மூஞ்சியில தண்ணி அடிப்பா. தானா எந்திரிக்கும்.”

இசக்கிமுத்து பைப்பைக் கையில் எடுத்தான். ஆனால் குழாயைத் திறக்கவில்லை. கவிப்பிரியா சிங்கத்தை வெளியே விடும் கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு குறுக்கே நின்றாள்.

“வேலை போயிருமுங்க” என்றார் பொங்கியண்ணன்.

“போகட்டுங்க.”

வெளியே யாரோ, “சிங்கம் செத்துப்போச்சு, மூடி மறைக்கறாங்க” என்று கத்தினார்கள். கூட்டம் அதையே கோஷமாக்கியது. நாற்காலிகள் உடைந்தன. தகரக் கூரைமேல் ஒரு கல் விழுந்தது. சிங்கம் திடுக்கிட்டு எழப் பார்த்தது. முன்னங்கால்கள் மடங்கி, தாடை தரையில் மோதியது.

பொங்கியண்ணன் அதுவரை அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு மேடைக்குப் போனார்.

“சிங்கத்துக்கு உடம்பு சரியில்லீங்க. இன்னைக்குக் காட்ட முடியாதுங்க. சத்தம் போடாம ஊட்டுக்குப் போங்க” என்று அவர் மைக்கில் சொன்னது உள்ளே கேட்டது. ஊளைச் சத்தம் எழுந்தது. மந்திரியின் கார் கிளம்பியது. இருட்டும்வரை கவிப்பிரியா கதவை விட்டு நகரவில்லை.

மறுநாளே அவளை ஊத்துக்குளி மாட்டாஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, அவள் ஓர் எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது இசக்கிமுத்து போன் செய்தான்.

“சிங்கம் கறி திங்குதும்மா. பக்கத்து ஊர்ல இப்ப சோடிச் சிங்கம் கொண்டாராவளாம்.”

“எப்ப வருதாமுங்க?”

“தேர்தலுக்கு முந்தியாம்.”

“வழியில தண்ணி காட்டறாங்களான்னு கேளுங்கண்ணா” என்றாள் அவள்.